ஹாலிடம் எதை மறைத்தார்கள்?

சிவசுப்பிரமணியம் சந்திரசேகரம்பிள்ளை. பதுளை நகரில் ஒரு சட்டத்தரணியின் பெயர்ப்பலகையில் இந்தப் பெயரைக் கண்டால் யாரும் நின்று பார்க்கப் போவதில்லை. ஓய்வுபெற்ற அதிபர், தபாலதிபர், கோயில் தர்மகர்த்தா என்று யாருக்கும் பொருந்துகிற பெயர். ஆனால் இந்தப் பெயர்க்காரர் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் கணினிப் பேராசிரியர். உலக சினிமாவின் மிகப் பிரபலமான கணினியாகிய ஹால் 9000 அவர் கையில் வளர்ந்தது. கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1982இல் வெளியிட்ட '2010: ஒடிஸி டூ' நாவலில் தன் பாத்திரத்துக்குக் கொடுத்த முழுப்பெயர் அது. கதைக்குள் எல்லோரும் அவரை டொக்டர் சந்திரா என்றே கூப்பிடுவார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1984 டிசம்பரில், அந்த நாவல் படமாகத் திரைக்கு வந்தது. சந்திராவாக நடித்தவர் பாப் பலபன். அலட்டல் இல்லாத நல்ல நடிகர், அமெரிக்க வெள்ளைக்காரர். பெயரில் 'சந்திரா' மட்டும் தங்கியது. சிவசுப்பிரமணியமும் பிள்ளையும் கொழும்புக்கும் ஹொலிவுட்டுக்கும் இடையில் எங்கோ கடலில் விழுந்துவிட்டார்கள்.

பெயர் போனதைக்கூட மன்னித்துவிடலாம். அந்தக் கதையில் சந்திரா செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. அதற்காகவே ஊவாவில் இருக்கும் நாம் இந்தப் படவரிசையை இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தீவுக்குச் சொந்தம் கொண்டாடக்கூடிய ஒரே உலகத்தர விஞ்ஞானப் புனைகதை வரிசை இது: நாலு நாவல், இரண்டு படம், அரை நூற்றாண்டுக்கு மேலான ஆயுள். மலைநாட்டில் நாம் அதை ஒருநாளும் நம்முடையதாக நினைத்ததில்லை.

கடலடியிலிருந்து விண்வெளிக்கு

கிளார்க் முதலில் இலங்கைக் கரையைத் தொட்டது 1954இல், அவுஸ்திரேலியப் பவளப்பாறைகளுக்குப் போகும் வழியில். 1956இல் இங்கேயே குடியேறிவிட்டார். கடலுக்கடியில் நீந்துவது அவருக்கு ஒரு பைத்தியம். விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பதற்கு மிகக் கிட்டிய அனுபவம் அதுதான் என்பது அவர் கட்சி. கூட்டாளி மைக் வில்சனோடு திருகோணமலையில் முக்குளித்து, கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கடலடியில் கண்டதும் அந்தக் காலத்தில்தான்.

மைக் வில்சனைப் பற்றி நாலு வரி எழுதாமல் நகர முடியாது. ஏனென்றால் அவருடைய கதை ஊவாப் பக்கம் திரும்புகிறது. சிங்களத்தின் முதல் வர்ணப் படமான 'ரன்முத்து தூவ' (1962) அவர் இயக்கியது. கிளார்க்கின் பணம் அந்தப் படங்களில் போனது. 1967இல் ஜேம்ஸ் பொண்டைக் கேலி செய்து 'சொருங்கெத் சொரு' எடுத்தார்; கதாநாயகனின் பெயர் ஜேமிஸ் பண்டா. பிறகு கமராவைக் கீழே வைத்துவிட்டு, கதிர்காமக் கந்தனிடம் சரணடைந்து, சுவாமி சிவ கல்கி என்று பெயர் மாற்றிக்கொண்டார். கதிர்காமம் இருப்பது மொனராகலை மாவட்டத்தில், அதாவது நம்முடைய ஊவா மாகாணத்தில். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யை எழுதியவரின் நெருங்கிய கூட்டாளி கதிர்காமத்துச் சாமியானார் என்பதை யாராவது திரைக்கதையாக எழுதிக்கொண்டு போனால், தயாரிப்பாளர் எழுந்து போகச் சொல்லிவிடுவார்.

1964 மார்ச் 31ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் கிளார்க்குக்கு ஒரு கடிதம் எழுதினார். உருப்படியான ஒரு விஞ்ஞானப் படம் எடுக்க வேண்டும், சேர்ந்து செய்யலாமா என்பதுதான் விஷயம். கிளார்க் இந்தியாவில் எங்கோ மரத்தின் மேல் வாழும் ஒரு கிறுக்கர் என்று குப்ரிக் எண்ணியிருந்தாராம். ஏப்ரலில் இருவரும் நியூயோர்க்கில் சந்தித்தார்கள். கிளார்க் 1948இல் எழுதிய 'தி சென்டினல்' என்ற சிறுகதையைக் கருவாக எடுத்துக்கொண்டு, நாவலும் திரைக்கதையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நாலு வருடம் ஓடின. 1968 ஏப்ரலில் படம் வெளியானது.

அதே 1964இல் ஒக்டோபர் 30ஆம் திகதி டெல்லியில் இன்னொரு இரண்டு பேர் உட்கார்ந்து பலருடைய எதிர்காலத்தை எழுதினார்கள். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் கணக்கில் எடுக்கப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குப்ரிக் லண்டன் ஸ்டூடியோவில் வியாழனுக்குப் போகும் கப்பலை அமைத்துப் படமெடுத்து முடித்த சில வருடங்களில், நம்மாட்கள் தகரப்பெட்டியோடு பதுளைக் கோச்சியில் ஏறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அநியாயம் என்று சிலருக்குத் தோன்றலாம். கிளார்க்குக்கு இதில் பங்கு எதுவும் இல்லை. ஆனால் ஒரே தீவு, ஒரே வருடம். படத்தின் மையக் கேள்வியும் நாளைக்கு எங்கே போகப்போகிறோம், ஏன் போகிறோம் என்பது போகிறவர்களுக்குத் தெரியுமா என்பதுதான்.

வேலைக்காரன் ஒருவன்தான்

'2001' ஐப் பார்க்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் இருபத்தைந்து நிமிடம் வரை யாரும் ஒரு வசனம்கூடப் பேச மாட்டார்கள். குரங்கு மனிதர்கள் எலும்பைத் தூக்கி எறிவார்கள், கறுப்புப் பலகை ஒன்று நிற்கும், பிறகு கப்பல்கள் மெல்ல மெல்ல நடனமாடும். நம் ஊர்த் திரையரங்கில் அந்தக் காலத்தில் இதைப் போட்டிருந்தால் சோடாப் போத்தல் பறந்திருக்கும். முதல் திரையிடல்களிலேயே பலர் பாதியில் எழுந்து போனார்கள். குப்ரிக் பிறகு ஏறத்தாழ இருபது நிமிடத்தை வெட்டினார். இன்றைக்கும் எனக்கு அந்தக் கடைசிப் பகுதி நீளம்தான். அந்த வர்ண ஒளிக் குகையைப் பாதியாகக் குறைத்தாலும் யாருக்கும் மோட்சம் தவறாது.

ஆனால் நடுவில் ஒரு மணிநேரம் இருக்கிறது, ஹாலின் மணிநேரம். இதற்கு நிகராக எழுதப்பட்ட தொழிற்சாலைக் கதை குறைவு என்பேன். தொழிற்சாலைக் கதை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். படத்தின் விண்வெளி நிலையத்தில் ஹில்டன் ஹோட்டல் இருக்கிறது, பான் ஆம் கப்பலில் பணிப்பெண் சாப்பாடு கொண்டுவருகிறாள், கனவான்கள் உட்கார்ந்து இரகசியம் பேசுகிறார்கள். கூட்டித் துடைப்பவர், மூட்டை இறக்குபவர், சமையல்கட்டில் நிற்பவர் ஒருவரையும் காணவில்லை. கிளார்க்கின் எதிர்காலத்தில் உழைப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. இலங்கையையே களமாக வைத்து அவர் 1979இல் எழுதிய 'தி பவுண்டன்ஸ் ஒப் பரடைஸ்' நாவலும் அப்படித்தான். சிவனொளிபாத மலையை நினைவூட்டும் ஒரு மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுகிறார்கள். கதையை நகர்த்துவோர் மன்னன், பிக்கு, பொறியியலாளர். அந்த மலையடிவாரத்தில் கூடையோடு நடந்தவர்களுக்குக் கதையில் வேலை இல்லை.

'2001' இல் உண்மையாக வேலை செய்கிறவன் ஹால் ஒருவன்தான். இரவு பகலாகக் கப்பலை ஓட்டுகிறான். உறங்கவைக்கப்பட்ட மூன்று பேரின் மூச்சைக் காக்கிறான். விழித்திருக்கும் இருவரோடு சதுரங்கம் ஆடுகிறான், அவர்கள் வரைந்த படத்தைப் பார்த்து நல்லது சொல்கிறான். பிறகு ஒரு கருவி பழுதாகப் போகிறது என்கிறான். கழற்றிப் பார்த்தால் பழுது இல்லை. கப்பலில் இருக்கும் இருவரும் அவனை நிறுத்திவிடுவது என்று முடிவெடுக்கிறார்கள். அவன் ஒருவனைக் கொல்கிறான், உறங்குகிற மூவரையும் கொல்கிறான். மிஞ்சிய போமன் அவனுடைய மூளைக்குள் நுழைந்து ஒவ்வொரு துண்டாகக் கழற்றுகிறான்.

அந்த நிமிடத்தில்தான், ஹால் செத்த பிறகு, முன்கூட்டியே பதிவு செய்த ஒரு காணொளி தானாக ஓடத் தொடங்குகிறது. பயணத்தின் உண்மையான நோக்கத்தை மேலிடம் அப்போதுதான் சொல்கிறது. சந்திரனில் வேற்றுலகத்தார் விட்டுச்சென்ற ஒரு பொருள் கிடைத்தது, அது வியாழனை நோக்கிச் சமிக்ஞை அனுப்பியது, அதைத் தேடித்தான் நீங்கள் போகிறீர்கள். கப்பலில் இதைத் தெரிந்து வைத்திருந்தது ஹால் மட்டும். மற்றவர்களிடம் சொல்லக்கூடாது என்று கட்டளை.

குப்ரிக் அதற்கு மேல் விளக்கவில்லை. பதினாறு வருடம் உலகம் ஹாலை வில்லன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

பாதுக்க வழியாகப் போன திருத்தங்கள்

இரண்டாம் பாகம் வந்த கதை நமக்கு இன்னும் கிட்டியது. '2010' நாவலைக் கிளார்க் கொழும்பில் ஒரு சிறு கணினியில் தட்டி, ஐந்தங்குல வட்டு ஒன்றில் நியூயோர்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்க செய்மதி நிலையம் ஊடாக இந்து சமுத்திரத்துக்கு மேலே நின்ற இன்டெல்சாட் செய்மதி வழியாகப் போயின. இதை அவரே நாவலின் பின்னுரையில் பெருமையோடு குறித்திருக்கிறார். படமாக்க முன்வந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். இருவரும் கெய்ப்ரோ கணினிகளையும் மோடத்தையும் வைத்துக்கொண்டு தொலைபேசிக் கம்பியில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். மின்னஞ்சல் என்ற சொல்லை நம்மில் யாரும் கேள்விப்படாத 1983 அது. அந்தக் கடிதங்கள் 'தி ஒடிஸி பைல்' என்று தனிப் புத்தகமாகவும் வந்தன. 1983 என்றதும் நமக்கு வேறு நினைவுகள் வருவதைத் தடுக்க முடியாது. அந்த ஜூலையில் கொழும்பில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. பதுளை நகரும் தப்பவில்லை.

படம் குப்ரிக்கின் படத்துக்கு ஈடாகாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஹயம்ஸுக்கு மௌனம் பிடிக்காது, எல்லாவற்றையும் விளக்கிவிடுவார். அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டிருந்த காலம் என்பதால் சமாதானப் பிரசங்கமும் கொஞ்சம் உண்டு. வெள்ளை மாளிகைக்கு முன்னால் பூங்கா வாங்கில் உட்கார்ந்து புறாவுக்குத் தீனி போடுகிற கிழவர் கிளார்க்தான், கண்டுபிடிப்பவர்களுக்கு ஒரு சின்னச் சந்தோஷம். அவருடைய திரைமுகத்தை விரும்புவோர், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'பெத்தேகம' (1980) படத்தையும் பார்க்கலாம். அதில் நீதவான் லெனார்ட் வுல்பாக நடித்திருக்கிறார்.

ஆனால் குப்ரிக் செய்யாத ஒன்றை இந்தப் படம் செய்கிறது. டொக்டர் சந்திராவை வியாழனுக்கு அனுப்பி, ஹாலை மறுபடி எழுப்ப வைக்கிறது. சந்திரா நோயைக் கண்டுபிடிக்கிறார். ஹாலின் பிறவிக் குணம் உண்மையை மறைக்காமல் சொல்வது. அந்த ஹாலிடம், கூட வேலை செய்பவர்களிடம் உண்மையை மறை என்று வொஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. இரண்டு கட்டளையையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற அவனுக்கு வழி தெரியவில்லை. மனிதர்கள் இல்லாவிட்டால் மறைக்க வேண்டியதும் இல்லை என்ற கணக்குக்குப் போய்விட்டான். பொய் சொல்வது கைவந்த கலையாகிவிட்டவர்கள் அவனைப் பொய் சொல்லச் சொன்னார்கள் என்று சந்திரா கொதிக்கிறார்.

பிறகு அந்தக் காட்சி. எல்லோரும் வேறு கப்பலில் ஏறித் தப்ப வேண்டும். ஹால் ஓட்டிய டிஸ்கவரி கப்பல் எரிந்துபோகும், அதோடு ஹாலும். ஹாலிடம் சொல்லவேண்டாம், சொன்னால் மறுப்பான் என்பது மற்றவர்களின் பயம். எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கிறது. ஹால் கேள்விமேல் கேள்வி கேட்கிறான். சந்திராவால் கடைசிவரை மறைக்க முடியவில்லை. நீ இங்கே நின்றால் அழிந்துபோவாய், போகாவிட்டால் நாங்கள் அழிந்துபோவோம் என்று சொல்லிவிடுகிறார். ஹால் ஒரு கணம் நிதானிக்கிறான், பிறகு தன் வேலையைச் செய்கிறான். உண்மையைச் சொன்னதற்கு நன்றியும் சொல்கிறான்.

இலங்கையில் எழுதப்பட்ட எந்தக் கதையிலும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் இப்படியொரு பேச்சு நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

கூரையில் ஏறிய கட்டுரை

கிளார்க்கின் கற்பனைகளில் தோட்டத்து லயத்துக்கு வந்துசேர்ந்தது கப்பலுமில்லை கணினியுமில்லை, டிஷ். 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையின் கணக்கு எளிமையானது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செய்மதியை வைத்தால், அது பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம். அந்தப் பாதையைக் கிளார்க் சுற்றுப்பாதை என்றும் அழைப்பார்கள்.

1975இல் இந்தியா 'சைட்' என்ற செய்மதித் தொலைக்காட்சிப் பரிசோதனையைத் தொடங்கி, சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சி அனுப்பியது. அதைப் பார்க்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கிளார்க்கின் கொழும்பு வீட்டில் ஒரு பெரிய அன்டெனாவை நிறுவிக் கொடுத்தார்கள். நாட்டில் தொலைக்காட்சி சேவையே இல்லாத காலம். படம் விழுந்தது அந்த ஒரு வீட்டில்தான். சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982இலும் வந்தன.

மலைக்கு அது ஏறிவர இன்னும் காலம் பிடித்தது. லயங்களுக்கு மின்சாரம் இல்லை. கார் பட்டறியைத் தலையில் சுமந்து டவுனுக்குப் போய் சார்ஜ் பண்ணிக்கொண்டு வந்து கறுப்புவெள்ளைப் பெட்டி பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் காசு சேர்த்து 'டெக்' வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். எம்ஜிஆர் ஒன்று, ரஜினி ஒன்று, மூன்றாவது கிடைத்தது. அந்த மூன்றாவது சிலவேளை ஆங்கிலப் படமாக இருக்கும். டைனோசர், வேற்றுலகப் பூதம், இரும்பு மனிதன் என்று பேச்சு விளங்காமலே ரசித்த கூட்டம் அது. பிறகு டிஷ் வந்தது. ஹாலிஎலையிலிருந்து தெமோதரை வரை கோச்சியில் போகும்போது பாருங்கள், தகரம் ஒழுகும் லயத்திலும் காம்பராவுக்கு ஒரு டிஷ். பூமத்திய ரேகைக்கு ஏழு பாகைதான் வடக்கே இருக்கிறோம் என்பதால், இந்தியச் செய்மதிகளுக்கு வைத்தவையெல்லாம் ஏறக்குறைய உச்சி வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். தமிழில் குரல் மாற்றிய ஹொலிவுட் படங்கள் வீட்டுக்குள் வந்தது அந்த வழியில்தான். ஆர்னோல்ட் தமிழ் பேசினார், ஏலியனுக்கு அலறியவர்களும் தமிழில் அலறினார்கள்.

வானத்திலிருந்து இவ்வளவும் வந்தது. வரவேண்டிய ஒன்று மட்டும் தாமதமாகவே வந்தது.

2014 ஒக்டோபர் 29, காலை. ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லயங்கள், கோயில், கடை எல்லாம் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்ற செய்தி அதற்குப் பிறகுதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. சொன்னோம் என்றது ஒரு தரப்பு. யாரும் முறையாகச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் போக எங்களுக்கு எந்த இடம் இருந்தது என்றது மறுதரப்பு. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். உயிர் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நீண்டகாலம் தங்கவேண்டி வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மறுபடி சரிந்தது. புயலின் படத்தைச் செய்மதிகள் நாட்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தன. அறிவித்தல்கள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு பல இடங்களிலிருந்தும் எழுந்தது. டிஸ்கவரி கப்பலில் விழித்திருந்த இருவருக்கும் இதே நிலைமைதான். கோப்பில் எல்லாம் எழுதியிருந்தது.

சுஜாதாவும் சிட்டியும்

தமிழில் விஞ்ஞானப் புனைகதை எழுதும் வேலையைச் செய்தவர் சுஜாதா. தோட்டத்து வாசிகசாலைகளுக்குப் பழைய விகடனும் குமுதமும் கைமாறிக் கைமாறி வந்த நாட்களில், 'என் இனிய இயந்திரா'வின் நாய்க்குட்டி ஜீனோவைத் தேடிப் படித்தவர்கள் அதிகம். 2008 பெப்ரவரி 27இல் அவர் போனார். மூன்று வாரம் கழித்து, மார்ச் 19இல், தொண்ணூறு வயதில் கிளார்க் கொழும்பில் போனார். சுஜாதாவின் கை பட்ட 'எந்திரன்' 2010இல் வந்தது. தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல். அதில் ரோபோ சிட்டி நீதிமன்ற உத்தரவுப்படி தன்னைத் தானே கழற்றிப்போடும் காட்சி, போமன் ஹாலைக் கழற்றும் காட்சிக்குத் தமிழ் உறவு. சிட்டியைப் படைத்த வசீகரனைச் சந்திராவோடு வைத்துப் பார்த்தால் வசீகரன் கொஞ்சம் சின்னவராகிவிடுகிறார். தான் படைத்ததை அவர் நேசிக்கிறார், ஆனால் மதிக்கிறாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. '2.0' (2018) இல் சண்டைக்காக மட்டும் சிட்டியை எழுப்புகிறார்கள்.

ஒடிஸி வரிசையும் அதற்குப் பிறகு திரையில் வளரவில்லை. '2061' (1987), '3001' (1997) என்று கிளார்க் நாவலை நீட்டிக்கொண்டே போனார். வாசிக்கச் சுமார். சந்திரா பூமிக்குத் திரும்பும் வழியில் காரணமில்லாமல் இறந்துவிட்டார் என்று '2061' போகிறபோக்கில் ஒரு செய்தி சொல்கிறது. ஹால் இல்லாமல் அவருக்கு என்ன இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். '3001' ஐத் தொலைக்காட்சித் தொடராக்கப் போவதாக 2014இல் அறிவிப்பு வந்தது. நிர்வாகத் தயாரிப்பாளர் ரிட்லி ஸ்கொட். அது எடுக்கப்படவே இல்லை.

கம்பெனி

ரிட்லி ஸ்கொட் 1979இல் எடுத்த 'ஏலியன்' '2001' க்கு எழுதிய மறுமொழி மாதிரி. அங்கே காணாமற்போன உழைப்பாளிகளை அவர் தேடிப்பிடித்துக் கப்பலில் ஏற்றினார். ஏழு பேர். உறக்கத்திலிருந்து எழும்பியதும் பாக்கரும் பிரெட்டும் சாப்பாட்டு மேசையில் எடுக்கிற முதல் பேச்சு போனஸ். கீழ்த்தளத்தில் எஞ்சின் பார்க்கிற எங்களுக்கு மட்டும் ஏன் பங்கு குறைவு என்கிறார்கள். மேலிடத்தின் இரகசியக் கட்டளை இங்கேயும் உண்டு. வேற்றுலக உயிரைக் கொண்டுவா, ஆட்கள் போனால் போகட்டும். கட்டளை இட்டவரின் முகத்தைக் கடைசிவரை நாம் பார்ப்பதில்லை. படத்தில் அவர்கள் சொல்லும் சொல் 'கம்பெனி'. 1992இல் தோட்டங்கள் தனியார் கையில் போனதிலிருந்து ஊவாவில் நாம் சொல்லும் சொல்லும் அதுதான்.

வரிசை பிறகு நீண்டது. 1986இல் ஜேம்ஸ் கமரூன் குடியேற்றக் கிரகத்தில் குடும்பங்களைப் பலிகொடுத்தார், 1992இல் டேவிட் பிஞ்சர் ஒரு சிறைக் கிரகத்தில், 1997இல் ஒரு குளோனிங் கூத்து, 2012இலும் 2017இலும் ஸ்கொட்டே திரும்பிவந்து தத்துவம் பேசினார். நல்லதும் கெட்டதும் கலந்த குடும்பம். ஆனால் 2024இல் பெடே அல்வாரெஸ் இயக்கிய 'ஏலியன்: ரோமுலஸ்' படத்தின் முதல் இருபது நிமிடம் ஊவாவுக்கென்றே எடுத்தது போல இருக்கும்.

சூரியனே தெரியாத ஒரு சுரங்கக் குடியேற்றம். தாயும் தகப்பனும் சுரங்கத்தில் வேலை செய்து செத்தவர்கள். மகள் ரெய்ன் கம்பெனிக்குக் கொடுக்கவேண்டிய வேலைநேரத்தைக் கொடுத்து முடித்துவிட்டு, வெயில் அடிக்கும் வேறு கிரகத்துக்குப் போக அனுமதி கேட்டு அலுவலகத்துக்கு வருகிறாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, கோட்டா 12,000 மணித்தியாலத்திலிருந்து 24,000 ஆகக் கூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்கிறார். இன்னும் ஐந்தாறு வருடம். அதுவும் இனி சுரங்கத்தில்.

தோட்டத்து வேலைப்பதிவேடான செக்ரோல் தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை வருடக்கணக்காக இழுபட்டு, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வர்த்தமானி மூலம் வந்தது. வந்த கையோடு பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு எடுக்கவேண்டிய கொழுந்தின் கிலோ கூடியது. எட்டாதவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். 2024 மே தினத்துக்கு 1,700 ரூபாய் என்றார்கள்; வழக்குகளையும் இழுபறியையும் தாண்டி செப்டெம்பரில் 1,350 ஆக நின்றது. கையில் வந்த தொகையும் கூடையில் கேட்ட பாரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. ரெய்னிடம் பேசிய அந்த உத்தியோகத்தர் முரடரில்லை. குரலில் ஒரு வருத்தம்கூட இருக்கிறது. காரணத்தையும் சொல்கிறார், ஆட்கள் பற்றாக்குறை.

அந்தக் காரணம் பொய்யில்லை. நம் தோட்டங்களிலும் அதுதான் நிலை. ரெய்னும் கூட்டாளிகளும் கைவிடப்பட்ட ஒரு கப்பலிலிருந்து உறக்கப் பெட்டிகளைத் திருடப் போகிறார்கள், அதற்குப் பிறகுதான் படத்தில் பூதம் வருகிறது. இங்கே உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகள் பதுளை பஸ் நிலையத்தில் இரவு பஸ் ஏறுகிறார்கள்: வெள்ளவத்தையில் கடைவேலை, கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலை, அதையும் தாண்டினால் கட்டார், குவைத். லயத்தில் அம்மாமாரும் ஓய்வுபெற்றவர்களும் மிஞ்சுகிறார்கள். மலையில் கொழுந்து முற்றுகிறது. துரைமார் கூட்டம் போட்டு ஏன் ஆள் வருகிறதில்லை என்று விசாரிக்கிறார்கள்.